குண்டான பிள்ளைக்கு சிஆர்பி கூடினால் என்ன அர்த்தம்?

11 வயது மகனுக்கு எடை அதிகம், காய்ச்சல் இல்லை, ஆனால் சிஆர்பி (உடம்பில் அழற்சி, அதாவது உள்வீக்கம், இருப்பதைக் காட்டும் ரத்தப் புரதம்) 4.2 மி.கி./லிட்டர், இதயத்துக்கு ஆபத்தா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதற வேண்டாம். ஆனால் ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வைத்துவிடவும் வேண்டாம். உடம்புக் கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டை இல்லை. கொழுப்புச் செல்கள் அளவுமீறிப் பெருத்தால் மேக்ரோபேஜ் என்னும் காவல் செல்கள் அங்கே வந்து கூடுகின்றன. ஐஎல்-6, டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற, அழற்சியைத் தூண்டும் புரதங்கள் ரத்தத்தில் கலக்கின்றன. ஐஎல்-6 கல்லீரலை உசுப்பி சிஆர்பியைச் சுரக்க வைக்கிறது. டிஎன்எஃப் இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. காய்ச்சல் கொழுந்துவிட்டு எரியும் தீ என்றால் இந்த அழற்சி உமி நெருப்பு. வெளியே தெரியாது, வருடக்கணக்கில் கனலும்.

சரி, 4.2? 1-க்குக் கீழே குறைவு, 3-க்கு மேலே அதிகம் என்ற எல்லைகள் பெரியவர்களின் இதய ஆபத்தை வைத்து வகுத்தவை. சாதாரணச் சளியே சிஆர்பி அளவை ஏற்றிவிடும். உடம்பு நன்றாக இருக்கும்போது, இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

என்னைக் கேட்டால், முதலில் பையனின் பின்கழுத்தைப் பாருங்கள். கருத்து, தடித்து, வெல்வெட் போல இருக்கிறதா? அழுக்கு என்று பயத்தமாவு போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு (பாவம் பிள்ளைகள்!). அது பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். அப்புறம் இடுப்பை அளந்து பாருங்கள். உயரத்தில் பாதியைத் தாண்டினால் குழந்தை மருத்துவரிடம் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் நொதி ஏஎல்டி, ரத்த அழுத்தம் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள்.