மதுவுக்கு அனுமதி, மற்ற போதைப்பொருட்களுக்குத் தடை: இது நியாயமா?
மதுவுக்கு அனுமதி இருப்பது அதன் ஆபத்து குறைவு என்பதால் அல்ல. 2010இல் போதைப்பொருள் ஆய்வாளர் டேவிட் நட்டின் குழு பிரிட்டனில் 20 போதைப்பொருட்களை மதிப்பிட்டபோது, பயன்படுத்துபவருக்கும் சுற்றியிருப்பவர்களுக்கும் சேர்த்து விளையும் கேட்டில் மதுதான் முதலிடம்: 100க்கு 72 மதிப்பெண். ஹெராயின் 55. பலர் குடிப்பதும் இதற்கு ஒரு காரணம். ஒரே ஊசியில் மூச்சை நிறுத்திவிடக்கூடியது ஹெராயின்தான். ஆனால் பல வருடம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், இல்லாத பூச்சிகள் சுவரில் ஊர்வது போலத் தெரியும், வலிப்பு வந்து உயிரே போகலாம். தயவுசெய்து மருத்துவர் துணையோடு நிறுத்துங்கள்.

சரி, எல்லாவற்றையும் கடையில் விற்கலாமா? வேண்டாம். அதற்காகப் பயன்படுத்துபவரைச் சிறையில் அடைக்கவும் வேண்டாம். போர்ச்சுகலில் 2001 முதல், சொந்தப் பயன்பாட்டுக்குச் சிறிதளவு வைத்திருப்பவர் ஒரு ஆலோசனைக் குழுவிடம் அனுப்பப்படுகிறார். விற்பது இன்றும் குற்றம். எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது.