தொற்றுக் காலத்தில் ஏசி ஜிம்முக்குப் போகலாமா?

கேள்வி: மதுரை அண்ணா நகரில் ஒரு ஏசி ஜிம்மில் ஆண்டுச் சந்தா கட்டியிருக்கிறேன். வாசலில் காய்ச்சல் பார்க்கிறார்கள், கருவிகளைத் துடைக்கிறார்கள். கொரோனா போல மறுபடி ஒன்று வந்தால் இது போதுமா?

போதாது. அறையில் ஜன்னல் இருக்கிறதா, அது திறக்குமா? என் பதில் முழுவதும் அதைப் பொறுத்தது.

2021 ஏப்ரல் தொடக்கம் வரை நானும் கே.கே. நகர்ப் பக்கம், தரைக்குக் கீழே இருந்த ஒரு ஜிம்முக்குப் போய்க்கொண்டிருந்தேன். வாசலில் காய்ச்சல் பார்த்துத்தான் விட்டார்கள். ஆனால் அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே கொரோனா பரவத் தொடங்கிவிடும். உள்ளே போனதும் மூச்சு வாங்குகிறது என்று எல்லோருமே முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிடுவோம். எங்கள் மாலை பேட்சில் ஒரே வாரத்தில் ஆறு பேர் படுத்தோம். வீட்டு வாசலைத் தாண்டாத அப்பாவுக்கு என்னிடமிருந்து வந்தது. சர்க்கரை நோயாளி, பதினோரு நாள் ஆக்சிஜனில் இருந்தார். மாடி அறையில் தனியாகக் கிடந்த அந்த நாட்களில்தான் இதைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் அளவில் காற்றை இழுத்து விடுகிறார். கடும் பயிற்சியில் அது 100 லிட்டரைத் தாண்டும். ஜெர்மனி ஆய்வாளர்கள் நிலையான சைக்கிளை மிதிக்கவைத்து அளந்து, 2022இல் முடிவை வெளியிட்டார்கள்: உச்ச வேகத்தில் மூச்சோடு வெளியேறும் நுண்துளிகள் நூறு மடங்குக்கும் மேல். மிதமான வேகம் வரை மெல்லக் கூடுகிறது. அதைக் கடந்தால் விறுவிறுவென ஏறுகிறது.

பூஜை அறையில் ஊதுபத்தி ஏற்றிக் கதவைச் சாத்தினால் புகை எவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது! அந்தத் துளிகளும் அப்படித்தான் மிதக்கும். நாமோ சித்திரை வெயிலுக்குப் பயந்து ஜன்னலையெல்லாம் அடைத்துவிடுகிறோம். சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவராது. உள்ளே இருக்கும் காற்றையே குளிர்வித்துச் சுற்றவிடும். குளிர்ச்சியைச் சுத்தம் என்று நம்பியதுதான் நான் செய்த பெரிய தவறு.

2020 பிப்ரவரியில் தென்கொரியாவின் சோனான் நகரில் நடந்ததைப் பாருங்கள். நடன உடற்பயிற்சி ஆசிரியர்களின் பயிலரங்கு ஒன்றிலிருந்து கிளம்பிய தொற்று 12 கூடங்களில் பரவி, 112 பேரைப் பிடித்தது. சிறிய அறை, நிறைய ஆட்கள், வேகமான ஆட்டம். அதே பயிலரங்கில் தொற்று பெற்ற இன்னொருவர் ஏழெட்டுப் பேருக்கு யோகாவும் பிலாட்டிஸும் சொல்லிக்கொடுத்தார்; அவருடைய மாணவர் ஒருவருக்கும் வரவில்லை. மெதுவான பயிற்சி என்பதுதான் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

அதனால், ஓட்டமும் குதிப்பும் வெளியேதான். ரேஸ்கோர்ஸ் மைதானம் இருக்கிறது, வண்டியூர் கண்மாய்க் கரை இருக்கிறது. விடிகாலையில் வெயிலும் உறைக்காது. எடை தூக்கியே ஆக வேண்டுமென்றால் ஆள் குறைந்த நேரமாகப் பார்த்து, முகக்கவசத்தோடு, நிதானமாகத் தூக்குங்கள். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து எக்ஸாஸ்ட் மின்விசிறியை ஓடவிடச் சொல்லுங்கள். ஏசி வீணாகும் என்று மறுத்தால், தயங்காமல் சந்தாப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.