ரெண்டரை வருஷமா தத்து லிஸ்ட்ல வெயிட்டிங், இனி என்ன பண்றது?

டாலஸ்ல இருந்து ஒரு வாசகி எழுதியிருக்காங்க. அவங்க வீட்டுக்காரர் அமெரிக்க சிட்டிசன், ஓசிஐ (இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு இந்தியா தர்ற அட்டை) வச்சிருக்கார், இவங்களுக்கு கிரீன் கார்டு. இந்தியாவுல தத்தைக் கவனிக்கற மத்திய அமைப்பான காராவுல பதிவு பண்ணும்போது அவருக்கு 43 வயசு, இவங்களுக்கு 40. ரெண்டு வயசுக்குள்ள பெண் குழந்தைன்னு கேட்டிருக்காங்க, ரெண்டரை வருஷமா ஒரு ரெஃபரலும் (இந்தக் குழந்தையை எடுத்துக்கறீங்களான்னு வர்ற தகவல்) வரல. ஹோம் ஸ்டடியை, அதாவது குடும்பத்தையும் வீட்டையும் பாத்து எழுதற ரிப்போர்ட்டை, ரெண்டாவது தடவையா அப்டேட் பண்ணணும்னு ஏஜென்சி பணம் கேக்குது. விட்டுட்டு அப்புறமா புதுசா பதிவு பண்ணிக்கலாமா, வேற நாட்டுக்கு மாறிடலாமா, ஊர்ல ஒரு சொந்தக்காரர் நேரடியா முடிச்சுத் தரேன்னு சொல்றாரே அது சரிவருமா, இதெல்லாம் கேட்டிருக்காங்க. கடைசியில ஒரு வரி, "ரூம் ரெடி பண்ணி வச்சிருக்கேன், அந்தக் கதவைத் திறக்கவே இப்பல்லாம் பிடிக்கல."

முதல்ல அந்த விட்டுடலாமாங்கற கேள்வி. வேணாம்மா, தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. 2022 தத்து விதிகள்ல தம்பதியோட ரெண்டு பேர் வயசையும் கூட்டித்தான் பாப்பாங்க, ரெண்டு வயசு வரைக்கும் உள்ள குழந்தைக்கு அந்தக் கூட்டுத்தொகை 85-ஐத் தாண்டக்கூடாது, ரெண்டுல இருந்து நாலு வயசுக்கு 90, நாலுல இருந்து எட்டுக்கு 100. இதுல எண்ணுறது பதிவு பண்ண தேதியில இருந்த வயசை. அன்னைக்கு உங்களுக்கு 83, பிரச்சனை இல்ல. இன்னைக்குக் கூட்டினா 88. இந்தப் பதிவு லாப்ஸ் ஆகி புதுசா போட்டீங்கன்னா கைக்குழந்தை கேக்கவே முடியாது, சீனியாரிட்டியும் போச்சு, வரிசையோட வால்ல போய் நிக்கணும். அதனால ஏஜென்சி கேக்கற அந்தப் பணம் எரிச்சலா இருந்தாலும் கட்டிடுங்க, உங்க ரெண்டரை வருஷத்தைக் காப்பாத்தறதுக்கான பணம் அது.

பேப்பர் விஷயத்துல ரெண்டு நாட்டுக் கடிகாரமும் தனித்தனியா ஓடுதுன்னு ஞாபகம் வச்சுக்கணும். இந்தியாவுல ஹோம் ஸ்டடிக்கு மூணு வருஷம் ஆயுசு. அமெரிக்காவுல ஐ-800ஏ, அதாவது தத்தெடுக்க நீங்க தகுதியானவங்கன்னு குடியேற்றத் துறை தர்ற அப்ரூவல், 15 மாசந்தான், அது முடியறதுக்குள்ள சப்ளிமென்ட் 3-ங்கற ஃபார்ம் போட்டு நீட்டிக்கணும், அதோட வைக்கற ஹோம் ஸ்டடி அப்டேட் ஆறு மாசத்துக்குள்ள எழுதினதா இருக்கணும். நான் பாத்த ஒரு ஃபேமிலி, ஏஜென்சி பாத்துக்கும்னு நம்பி உக்காந்திருந்தாங்க, ஏஜென்சியில அந்த ஃபைலைப் பாத்துட்டிருந்தவங்க வேலைய விட்டுப் போனதே இவங்களுக்குத் தெரியாது, தேதி தாண்டினப்புறம்தான் போன் வந்துச்சு. ஏஜென்சி என்ன சொன்னாலும் சொல்லட்டும், ஒவ்வொரு தாளோட காலாவதி தேதியையும் உங்க போன்ல நீங்களே போட்டு, நாலு மாசம் முன்னாடி அடிக்கற மாதிரி அலாரம் வைங்க. வேலை மாறினாலோ வீடு மாறினாலோ ஏஜென்சிக்கு உடனே சொல்லிடணும், அதையும் ஹோம் ஸ்டடியில ஏத்தணும்.

வேற நாடு? பத்து வருஷம் முன்னாடி கேட்டிருந்தா யோசிக்கலாம்னு சொல்லியிருப்பேன். ரஷ்யா 2012 கடைசியில அமெரிக்கர்களுக்குத் தடை போட்டுடுச்சு, எத்தியோப்பியா 2018-ல மூடிடுச்சு, சீனா 2024 செப்டம்பர்ல ரத்த சொந்தங்களையும் வாழ்க்கைத்துணையோட பிள்ளைங்களையும் தவிர வெளிநாட்டுத் தத்தையே நிறுத்திடுச்சு, பாதி வழியில இருந்த குடும்பங்க அப்படியே நின்னுபோச்சு. 2004-ல அமெரிக்காவுக்கு 22 ஆயிரத்துக்கு மேல குழந்தைங்க தத்துல வந்தாங்க, 2023-ல 1,300 கூட இல்ல. உங்களுக்கோ இந்தியச் சட்டத்துலயே சலுகை இருக்கு, வெளிநாட்டுத் தத்துல ஓசிஐக்கு முன்னுரிமைன்னு எழுதியிருக்கு. அதை விட்டுட்டு எங்க போறது?

லேட் ஆகறதுக்குக் காரணம் எங்கயோ யாரோ ஃபைல் மேல உக்காந்திருக்காங்கன்னு மட்டும் நினைக்காதீங்க (அதுவும் நடக்கும், இல்லேன்னு சொல்லல). இந்தியாவுல முப்பதாயிரத்துக்கும் மேல குடும்பங்க காத்திருக்காங்க, சட்டப்படி தத்துக்குத் தயாரா இருக்கற குழந்தைங்க ரெண்டாயிரத்துச் சொச்சம், அதுலயும் நிறைய பேர் பெரிய பசங்க, இல்ல ஏதாவது உடல்நலப் பிரச்சனை இருக்கறவங்க. ஒரு தாய் குழந்தையை ஒப்படைச்சா மனசு மாற ரெண்டு மாசம் டைம் தரணும். கைவிடப்பட்ட குழந்தைன்னா போலீஸ் தேடணும், பேப்பர்ல விளம்பரம் வரணும், அதுக்கப்புறம்தான் குழந்தைகள் நலக் குழு கையெழுத்துப் போடும். இந்தத் தாமதம் எல்லாமே அந்தக் குழந்தையைப் பெத்தவளுக்காக வச்சது.

அதான் சொந்தக்காரர் விஷயத்துல கொஞ்சம் கறாரா பேசறேன். 2019-ல ராசிபுரத்துல ரிட்டையர்டு நர்ஸ் ஒருத்தங்க குழந்தை விக்கறதைப் பத்தி போன்ல ரேட் பேசின ஆடியோ ஊர் முழுக்கச் சுத்துச்சே, ஞாபகம் இருக்கா? நேரடியா முடிக்கறதுங்கறது கடைசியில அங்கதான் போய் நிக்கும். குழந்தையை வாங்கினா வித்தா அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில், பணமே கைமாறலைன்னாலும் முறையில்லாம தத்து எடுத்தா மூணு வருஷம் வரைக்கும். அதையெல்லாம் தாண்டி வந்தாலும் காராவோட என்ஓசி (ஆட்சேபணை இல்லைங்கற சான்று) இல்லாத குழந்தைக்கு அமெரிக்க விசா கிடைக்காது, யாரோ பெத்த பிள்ளையைக் கையில வச்சுக்கிட்டு சென்னையில உக்காந்திருப்பீங்க.

சரி, உங்க கையில என்னதான் இருக்கு? எப்படிப்பட்ட குழந்தை வேணும்னு பதிவுல கேக்கற அந்த டிக் பாக்ஸ் இருக்கு. ரெண்டு வயசுக்குள்ள, பெண், ஆரோக்கியம்னு மூணையும் போட்டிருக்கீங்க, நிறைய பேர் அதையேதான் போட்டிருக்காங்க. ஆனா வெளிநாட்டுத் தத்துக்குச் சட்டம் முதல்ல நினைக்கறது வேற பிள்ளைங்களை, அண்ணன் தங்கச்சியா சேந்து இருக்கறவங்க, அஞ்சு வயசுக்கு மேல உள்ளவங்க, உடல் மன சவால் உள்ளவங்க, இவங்களுக்கு முன்னுரிமை தரலாம்னே போட்டிருக்கு. ஸ்பெஷல் நீட்ஸ்ங்கற லிஸ்ட்ல நீங்க பயப்படற அளவுக்குப் பெருசா இல்லாததும் இருக்கும், உதடு பிளவு, இதயத்துல சின்ன ஓட்டை, ஒரு காது மட்டும் கேக்காதது இப்படி. ஆபரேஷன்ல சரியாகறதும் உண்டு, ஆயுசு முழுக்கக் கூட வர்றதும் உண்டு. வெளிநாட்டுத் தத்துக் குழந்தைங்களோட மெடிக்கல் ரிப்போர்ட் படிச்சுச் சொல்ற பீடியாட்ரிஷியன்ஸ் அமெரிக்காவுல இருக்காங்க, ஒருத்தரை இப்பவே பேசி வைங்க, ஏன்னா ரெஃபரல் வந்தா ரிசர்வ் பண்ண ரொம்பக் கொஞ்ச நேரந்தான் தருவாங்க, அப்ப போய் டாக்டர் தேட முடியாது. ரெண்டு பேரும் உக்காந்து எது முடியும் எது முடியாதுன்னு தனித்தனியா எழுதி, அப்புறமா மாத்திப் படிச்சுப் பாருங்க. முடியாதுன்னா முடியாதுதான், அதுல குற்ற உணர்ச்சி வேணாம். வெயிட்டிங்ல களைச்சுப் போய், சீக்கிரம் வரட்டும்னு மட்டும் டிக் பண்றது அந்தப் பிள்ளைக்குச் செய்யற அநியாயம்.

பணத்துக்கு ஒரு சின்னக் குறிப்பு, ரசீது எதையும் தூக்கிப் போடாதீங்க, அமெரிக்காவுல அடாப்ஷன் டாக்ஸ் க்ரெடிட் இருக்கு, வெளிநாட்டுத் தத்துன்னா தத்து முடிஞ்ச வருஷத்துலதான் க்ளெய்ம் பண்ண முடியும்.

"ஏதாவது விசேஷம் உண்டா"ன்னு கேக்கற அத்தை சித்திக்கெல்லாம் ஒவ்வொரு தடவையும் ஸ்டேட்டஸ் சொல்லிட்டிருக்காதீங்க. வந்தா நாங்களே கூப்பிட்டுச் சொல்றோம்னு ஒரே தடவை, அதையும் உங்க வீட்டுக்காரரை விட்டுச் சொல்லச் சொல்லுங்க. ஊருக்குப் போறது, லீவு, ப்ரமோஷன் எதையும் ரெஃபரல் வந்துடுமோன்னு தள்ளிப் போடாதீங்க, தள்ளிப் போட்டவங்கதான் அதிகமா நொந்து போறதை நான் பாத்திருக்கேன்.

அப்புறம் அந்த ரூம். உள்ள நியூபார்ன் டிரஸ், தொட்டில் எல்லாம் வாங்கி வச்சிருப்பீங்கன்னு நினைக்கறேன். அதையெல்லாம் யாருக்காவது கொடுத்துடுங்க. நாளைக்கே ரெஃபரல் வந்தாலும் காரா என்ஓசி, அந்தக் குழந்தைக்காக அமெரிக்காவுல போடற ஐ-800 மனு, கலெக்டர் ஆர்டர், பாஸ்போர்ட், விசான்னு மாசக்கணக்கா ஆகும், உங்க வீட்டுக்கு வரப்போறது நடந்து ஓடற பிள்ளை. நாலு சாமானை எடுத்துட்டீங்கன்னா கதவைத் திறக்கறதும் கொஞ்சம் சுலபமாகும். தமிழ்நாட்டுப் பிள்ளையா இருக்கும்னும் இல்ல, இந்தியாவுலயே தத்து அதிகமா நடக்கறது மகாராஷ்டிராவுலதான். சாயங்காலம் பத்து நிமிஷம் ரெண்டு பேரும் மராத்தி கத்துக்கலாமே, பிள்ளை ராத்திரியில எழுந்து அழுதா என்ன கேக்குதுன்னாவது புரியணும்ல, தண்ணிக்கு பாணி, பசிக்கு பூக்.