மாதச் சம்பளமா, சொந்தத் தொழிலா? கொழும்பு இளையோரின் கேள்விகளும் பதில்களும்

சம்பளப் பட்டியல் தயாரிப்பது என் தொழில். அதனால் பணத்திலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி (வெள்ளவத்தை): அக்கா, ஒரு நிறுவனம் 90,000 ரூபாய் சம்பளம் தருவதாகச் சொல்கிறது. வீட்டிலிருந்தே வடிவமைப்பு வேலை செய்தால் 1,10,000 வரை கிடைக்கிறது. எதை எடுப்பது?

பதில்: தங்கச்சி, 20,000 வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். உங்கள் சம்பளத்துக்கு மேல், ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு (ETF) 3 வீதமும் முதலாளி கட்ட வேண்டும். அது மாதம் 13,500. பதினைந்து பேருக்குக் குறையாத நிறுவனத்தில் ஐந்து வருடம் நிறைத்தால், வேலையை விடும்போது வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்கும். மாதக் கணக்கில் 3,750. கூட்டினால் 1,07,250 ஆகிறது. போயா நாளிலும் காய்ச்சல் நாளிலும் அந்தச் சம்பளம் வரும். வீட்டு வேலையில் மின்கட்டணம், இணையம், பழுதாகும் கணினி எல்லாம் உங்கள் செலவு. சேமலாப நிதிக்கு உங்கள் பங்காக 8 வீதம் கழிவதால் கைக்கு 82,800தான் வரும், உண்மை. ஆனால் அந்த 7,200 உங்கள் பெயரில்தான் சேர்கிறது. வீட்டு வேலையில் கிடைப்பது 1,40,000க்குக் கீழே என்றால் சம்பளத்தையே எடுங்கள் என்பேன்.

கேள்வி (கொள்ளுப்பிட்டி): காலை எட்டரைக்கு வரவுப் பதிவு, மேலாளரைக் கேட்டுத்தான் விடுமுறை. ஆனால் 'சுயாதீன ஒப்பந்தக்காரர்' என்று கையெழுத்து வாங்கிவிட்டார்கள். சேமலாப நிதி இல்லை.

பதில்: தம்பி, இதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. இளம் பிள்ளைகளிடம் இப்படிக் கையெழுத்து வாங்குவது வழக்கமாகிவிட்டது. தாளில் என்ன பெயர் போட்டாலும், நேரத்தையும் வேலை முறையையும் தீர்மானிப்பவர் யார் என்பதே முக்கியம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி, தற்காலிகமாகவோ ஒப்பந்தத்திலோ வேலை செய்யும் ஊழியருக்கும் சேமலாப நிதி உண்டு. வரவுப் பதிவின் படங்கள், மேலாளர் அனுப்பிய செய்திகள், சம்பளம் வந்த வங்கிக் கூற்று மூன்றையும் இன்றே சேர்த்து வையுங்கள். நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யலாம். வேலையை விட்ட பிறகு தேடினால் அந்தச் செய்திகள் கையில் இருக்காது.

கேள்வி (கொட்டாஞ்சேனை): ஹோட்டல் வேலையை விட்டு, லீசிங்கில் முச்சக்கரவண்டி எடுத்து பிக்மி வாடகை வண்டிச் செயலியில் ஓட்டலாமா?

பதில்: முதலில் ஒரு மாதம் வாடகை வண்டி ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு இரவும் வருமானம், பெற்றோல், தரகுப் பணம், வாடகை நான்கையும் கொப்பியில் எழுதுங்கள். 2022 ஜூனில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது, அதுவும் நாள் கணக்கில் வரிசையில் நின்றால்தான் கிடைத்தது. தவணைத் திகதியோ எதற்கும் காத்திருக்காது. மூன்று மாதத் தவணை கையில் சேரும்வரை ஹோட்டலை விடாதீர்கள்.

கேள்வி (பம்பலப்பிட்டி, ஒரு தாய்): மகன் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்து மென்பொருள் எழுதுகிறான். சொந்தக்காரர்கள் 'சும்மா இருக்கிறான்' என்கிறார்கள்.

பதில்: அம்மா, சொந்தக்காரர் பேச்சை விடுங்கள், வங்கியில் மகன் எப்படித் தெரிகிறார் என்று பாருங்கள். வரி இலக்கம் எடுத்து, வருடா வருடம் கணக்குக் காட்டச் சொல்லுங்கள். நாளை வீட்டுக்கடனுக்கோ விசாவுக்கோ அதுதான் சான்று. 2025 ஏப்ரல் முதல் வருடத்துக்கு 18 லட்சம் வரை வரி இல்லை. வெளிநாட்டுச் சேவை வருமானம் வங்கி வழியாக வந்தால் அதற்கு மேலுள்ள தொகைக்கும் வரி 15 வீதத்தைத் தாண்டாது. நம்பிக்கை நிதியத்தில் சுயதொழில் செய்வோரும் சேரலாம். அதையும் செய்யட்டும்.

கேள்வி (மருதானை): வேலையில் இருந்துகொண்டே மாலையில் சொந்தமாகச் செய்யலாமா?

பதில்: செய்யலாம், எனக்கு மிகப் பிடித்த வழியும் அதுதான். நியமனக் கடிதத்தில் வேறு தொழில் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் எழுத்தில் அனுமதி கேளுங்கள். வாய்மொழிச் சம்மதம் அந்த மேலாளர் மாறும் நாள் வரைதான்.