கிராமத்து ஆஸ்பத்திரியிலேயே மனநல சிகிச்சை கிடைக்குமா?

திருகோணமலை மாவட்டத்தில் நாட்கூலிக்குப் போகிறவர்களுக்கு மனநல சிகிச்சையை ஊர் ஆஸ்பத்திரியிலேயே கொடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், கொடுக்கவும் வேண்டும்.

அரச வைத்தியசாலையில் காசு வாங்குவதில்லை. ஆனால் வெருகலில் இருந்தோ புல்மோட்டையில் இருந்தோ டவுனுக்கு வந்து போனால் பஸ் காசோடு அன்றைய கூலியும் போய்விடும்.

ஓபிடியில் யாரும் “மனசு சரியில்லை” என்று சொல்வதில்லை. “நெஞ்சு படபடக்குது, நித்திரை வருதில்லை, உடம்பெல்லாம் நோகுது” என்பார்கள், பனடோலோடு திரும்பிவிடுவார்கள். கடந்த 2 கிழமையாக மனம் சோர்ந்திருந்ததா, எதிலும் விருப்பமில்லாமல் இருந்ததா என்று அங்கேயே கேட்கலாம். ஆம் என்றால் மனச்சோர்வு எவ்வளவு என்று பார்க்கும், 9 கேள்விகள் கொண்ட பிஎச்கியூ-9 படிவம். நிபுணர் அல்லாத வைத்தியர்களையும் தாதியரையும் இதற்குப் பழக்கத்தான் உலக சுகாதார நிறுவனம் 2008இல் எம்எச்கேப் திட்டத்தைத் தொடங்கியது.

மருந்து எழுதிய பிறகுதான் உண்மையான வேலையே. மனச்சோர்வு மாத்திரை கேட்கத் தொடங்க 2 முதல் 4 கிழமை பிடிக்கும். பலர் அதற்குள் நிறுத்திவிடுகிறார்கள். அந்த இடைவெளியில் ஒரு ஃபோன் எடுத்து விசாரிக்க ஆள் வேண்டும். சீனி, பிரஷர் கிளினிக் நாளிலேயே இதையும் வைத்தால் இன்னொரு நாள் கூலி மிஞ்சும்.

தற்கொலை எண்ணம் இருந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழைத்தால் தமிழிலும் பேசலாம்.