வார்டில் "சிக்" என்றால் வாந்தி

தங்கச்சி, இங்கிலாந்தின் நியூகாசில் நகர மருத்துவமனையில் நர்ஸாகச் சேரப் போகிறீர்கள், ஓ.இ.டி. (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) தேறியும் நோயாளிகள் பேச்சு புரியுமா என்று பயமாக இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். டாக்டர்கள் பேச்சு புரிந்துவிடும். எண்பதைத் தொட்ட பெரியவர்கள் பேச்சுதான் சிரமம். உடம்பைப் பற்றி அவர்கள் சொல்லும் சொற்கள் பாடத்தில் வராதவை.

நம்மூரில் காய்ச்சல் வந்தாலும் "சிக்" என்போம். இங்கிலாந்தில் "ஐ'வ் பீன் சிக்" என்றால் வாந்தி எடுத்தேன் என்று பொருள். எத்தனை தடவை, என்ன நிறம் என்று கேளுங்கள். உடம்பு சரியில்லை என்பதற்கு "பூர்லி". சீனியர் நர்ஸ் ஒரு நோயாளியை "வெரி பூர்லி" என்றால் நிலைமை மோசம். "ஃபன்னி டர்ன்" என்பது திடீர்க் கிறுகிறுப்பு அல்லது மயக்கம். உடனே பிரஷர், நாடி, சர்க்கரை பாருங்கள். பேச்சு குழறியதா, ஒரு பக்கம் கைகால் தளர்ந்ததா என்று விசாரித்து டாக்டரிடம் சொல்லுங்கள். "பங்டு அப்" மூக்கடைப்பாகவும் இருக்கலாம், மலச்சிக்கலாகவும் இருக்கலாம். எது என்று கேட்காமல் எழுதாதீர்கள். "வாட்டர்வர்க்ஸ்" சிறுநீர் சமாச்சாரம். "நெட்டி" அந்த ஊர்க் கழிப்பறை. அதைக் கேட்டதும் கூட்டிப் போய்விடுங்கள், தாமதித்தால் தானே எழப்போய் விழுவார்கள்.

அங்கே பலருக்கு "டின்னர்" மதியச் சாப்பாடு, "டீ" சாயங்காலச் சாப்பாடு. "மாத்திரையை டீயோடு போடுவேன்" என்றால் தேநீர் என்று எழுதிவிடாதீர்கள், மணி கேளுங்கள். "ஹாஃப் செவன்" ஏழரை. பதிவில் 07:30 அல்லது 19:30.

எனக்கு அதிகக் கவலை தருவது வலி விஷயம். இடுப்பு முறிந்து படுத்திருப்பவர்கூட "நாட் டூ பேட்" என்பார், "எ பிட் சோர்" என்பார். முணுமுணுக்கக்கூடாது என்று வளர்ந்த தலைமுறை. அந்தச் சொல்லை நம்பி வலி மருந்தைத் தள்ளிப் போடாதீர்கள். 0 முதல் 10 வரை எண் கேளுங்கள். படுத்திருக்கும்போது மட்டுமல்ல, இருமும்போதும் திரும்பும்போதும் எவ்வளவு என்று கேளுங்கள். முகத்தையும் பாருங்கள். அவர் சொன்னதை மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதி, நீங்கள் கண்டதைப் பக்கத்தில் எழுதுங்கள்.

"ஆல்ரைட், பெட்?" என்று வழியில் யாராவது கேட்டால் அது வணக்கம் மாதிரிதான் ("பெட்" கட்டில் அல்ல, அன்பாக அழைக்கும் சொல்). "ஆல்ரைட்" என்று திருப்பிச் சொன்னால் போதும். அதனால்தான் நோயாளியிடம் அந்தக் கேள்வியைக் கேட்டு வலியை அளக்க முடியாது. அவரும் "ஆல்ரைட்" என்றுதான் சொல்வார்.