வெளிச்சமும் செடியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஜன்னலோரம் வைத்த நாற்றுகள் எல்லாம் கண்ணாடிப் பக்கமாகவே சாய்கின்றன. குச்சி நட்டுக் கட்டலாமா?

வேண்டாம். தினமும் தொட்டியைக் கால் வட்டம் திருப்பி வையுங்கள், போதும். ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் விழுந்தால் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் நிழல் பக்கத்துக்கு ஒதுங்கும், அங்கே செல்கள் கூடுதலாக நீளும், தண்டு வளையும். புல் நாற்றின் நுனியைத் தொப்பி போட்டு மூடினால் அது வளைவதில்லை என்று சார்லஸ் டார்வினும் மகன் ஃபிரான்சிஸும் 1880-லேயே எழுதிவிட்டார்கள். வெளிச்சத்தை உணர்வது நுனி, வளைவது அதற்குக் கீழே. முற்றிய தண்டு அநேகமாகப் பழைய கோணலோடுதான் நிற்கும், அதனால் நாளைக் கடத்தாதீர்கள்.

செடி நெடுநெடுவென்று வெளிறி வளர்கிறது. அறை நல்ல வெளிச்சம்தான். என்ன உரம் போடலாம்?

எந்த உரமும் வேண்டாம். இதை எத்தனை முறை எழுதினாலும் அடுத்த கட்டுக் கடிதத்தில் இதே கேள்வி வந்து நிற்கிறது. என்ன செடி, ஜன்னலிலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் வெயில் படுகிறது, ஒன்றுமே எழுதவில்லை. இவை இல்லாமல் கடிதம் அனுப்பாதீர்கள்.

தயவுசெய்து வெளிச்சத்தைக் கண்ணால் அளக்காதீர்கள். நம் கண்மணி விரிந்து சுருங்கி எல்லா இடத்தையும் ஒரே மாதிரி காட்டிவிடும். லக்ஸ் என்ற வெளிச்ச அலகில் சொன்னால், உச்சிவெயில் சுமார் 1,00,000. விளக்குப் போட்ட அறையில் 300 தேறினால் பெரிது. நமக்குப் படிக்கப் போதுமான வெளிச்சம் செடிக்குப் பட்டினி. இலைக்கு ஒரு அடி மேலே கையை நீட்டிப் பாருங்கள். விரல்கள் தனித்தனியாக நிழல் விழுந்தால் சரி. மங்கலாக ஏதோ தெரிகிறது என்றால் இடம் மாற்றுங்கள்.

நெருக்கி வைத்த தொட்டிகளிலும் இதே நெடுப்பு வரும். பக்கத்துச் செடியின் இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, நம் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத தூரச் சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அந்த விகித மாற்றத்தைச் செடியில் உள்ள ஃபைட்டோகுரோம் என்ற ஒளியுணர் நிறமி கண்டுகொள்கிறது. நிழல் மேலே விழும் முன்பே தண்டு ஓட ஆரம்பித்துவிடும். புதுக் கணுவிடை (இரண்டு கணுக்களுக்கு நடுவே உள்ள தண்டு) பழையதைப் போல இரண்டு மடங்கு இருந்தால் செடி வெளிச்சம் தேடுகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் தழைச்சத்தைக் கொட்டினால் மெலிந்த தண்டு இன்னும் மெத்தென்று நீண்டு மடிந்துவிழும்.

அப்புறம், நிழலில் வளர்ந்த செடியை ஒரே நாளில் வெயிலுக்குத் தூக்காதீர்கள். பத்து நாளாவது எடுத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். கருகிய இலை மறுபடி பச்சையாகாது.

சாமந்தி நன்றாகத் தழைத்திருக்கிறது, பூக்கவே இல்லை. படிக்கட்டு விளக்கின் கீழே இருக்கிறது.

பதிலும் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. பகல் குறுகினால் பூக்கும் 'குறும்பகல் செடி' என்று பெயர் இருந்தாலும் சாமந்தி கணக்கு வைப்பது இரவைத்தான், பூக்க நீண்ட இரவு வேண்டும். நடுவில் விளக்கு எரிந்தால் ஒரு நீண்ட இரவு இரண்டு குட்டி இரவுகளாகிவிடும். தினமும் 13 மணி நேரமாவது இடையறாத இருட்டு கொடுங்கள்.

லெட்யூஸ் விதை முளைக்கவில்லை. ஒரு அங்குல ஆழத்தில் விதைத்தேன்.

அதுதான் தவறு. பல ரகங்களுக்கு முளைக்கவே வெளிச்சம் வேண்டும். மண்மேல் தூவி லேசாக அழுத்திவிடுங்கள்.

என் சூரியகாந்தி சூரியனோடு திரும்பாமல் கிழக்கையே பார்த்து நிற்கிறது. நோயா?

நோய் இல்லை, வயது. இளம் செடிதான் திரும்பும். மலர்ந்து முற்றியது கிழக்கே நின்றுவிடும். காலை வெயிலில் சீக்கிரம் சூடேறும் பூவைத் தேனீக்கள் அதிகம் தேடி வருகின்றன. இந்தத் தொட்டியை மட்டும் திருப்பாதீர்கள்.

தொட்டாற்சிணுங்கியை இருட்டு அலமாரியில் வைத்தேன். காலையில் திறந்தால் இலைகள் விரிந்திருந்தன. எங்காவது வெளிச்சம் கசிந்திருக்குமோ?

நல்ல கேள்வி, பொறுமையாகப் பார்த்திருக்கிறீர்கள். கசிவே இல்லாவிட்டாலும் விரியும். 1729-ல் பிரெஞ்சுக்காரர் டி மெய்ரான் இதே செடியை இருட்டில் வைத்து இதையேதான் கண்டார். வெளிச்சம் இல்லாமலும் ஓடும் ஒரு கடிகாரம் செடிக்குள் இருக்கிறது. சுற்று கிட்டத்தட்ட ஒரு நாள். வெளிச்சம் தினமும் அதன் நேரத்தைச் சரிசெய்கிறது. இருட்டிலேயே விட்டால் சில நாளில் அசைவு தளர்ந்துவிடும், செடியும் நலியும். அலமாரியிலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள், ஆனால் நேராக உச்சிவெயிலில் வைக்காதீர்கள்.